எந்தப் படகு எந்த ஜெட்டியில்? மனச்சிதைவு மாத்திரையும் செரோட்டோனினும்

“ஏம்மா, இது தூக்க மாத்திரைதானே?”

மருந்து கவுன்டரில் நின்று நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பினாங்குத் தீவில் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை வாங்க வரும் நம்மவர்கள் பலர் அதற்கு வைத்திருக்கும் பெயர் தூக்க மாத்திரை. அதனாலேயே, பிள்ளை நன்றாகத் தூங்க ஆரம்பித்ததும் “இனி எதுக்கு?” என்று நிறுத்திவிடுகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் திரும்பி வருகிறது.

ஜெலுத்தோங் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா வேறொன்று கேட்டார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் மகனுக்கு முப்பது வயதுக்கு மேல். காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் மாத்திரை சாப்பிட்டதில் நன்றாக அடங்கியிருந்தன. ஆனால் கை நடுங்கியது.

“காலையில பசியாற உட்கார்ந்தா கோப்பி கிளாஸைத் தூக்க முடியலம்மா. பாதி கோப்பி தட்டுலதான் கிடக்கு. குரலை அடக்குற மருந்து கையை ஏன் ஆட்டுது? காதுக்கும் கைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அன்றைக்கு வரிசை நீளமாக இருந்தது. இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி, மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டு வார்த்தை போதாது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மனச்சிதைவு என்றால் ஒரே உடம்புக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது அல்ல; அப்படி நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இல்லாத குரல் கேட்பது, யாரோ தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோவையில்லாமல் போவது, இதெல்லாம் நோயின் ஒரு பக்கம். யாரோடும் பேசப் பிடிக்காமல், குளிக்கக்கூட மனமில்லாமல், முகத்தில் சிரிப்பும் வராமல் கோபமும் வராமல் ஒடுங்கிப்போவது இன்னொரு பக்கம். கவனமும் நினைவும் மங்குவது மூன்றாவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 300 முதல் 350 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் நாட்டில் 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை பேராக்கில் இருக்கிறது. அது இருக்கும் ஊரான தஞ்சோங் ரம்புத்தானின் பெயரையே நாம் கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்து பிள்ளையை வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வைத்தியம் தள்ளிப்போகப் போக நோய் கெட்டிப்படுகிறது. கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. தண்ணீர்மலைக்கு வேண்டிக்கொண்டு ஏறுங்கள், இறங்கி வந்ததும் மருத்துவமனைக்கும் வாருங்கள் என்பேன்.

சரி, மூளைக்குள் போவோம்.

ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் ஓர் இடைவெளி உண்டு. தலைமுடியின் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் இடைவெளி இடைவெளிதான். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் கடல் கிடக்கிற மாதிரி. அக்கரையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றால் ஃபெரி வேண்டும். செரோட்டோனின், டோபமின் என்று நாம் கேள்விப்படுகிற இரசாயனங்கள்தான் அந்தப் படகுகள். ஒரு நரம்பணு அவற்றை அவிழ்த்துவிடும். அவை இடைவெளியைக் கடந்து எதிர்க்கரை ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், அணையும். அணைந்ததும் அந்த நரம்பணுவுக்குள் வேலை ஆரம்பமாகும். அந்த ஜெட்டிக்கு அறிவியல் தமிழில் ஏற்பி என்று பெயர்.

வெல்ட் கீ ஓரமாக நடந்தவர்களுக்குத் தெரியும். சியூ ஜெட்டி, லிம் ஜெட்டி, தான் ஜெட்டி என்று வரிசையாக இருக்கும். கடல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு ஜெட்டியிலும் ஒரு குலம், ஒரு தனி வாழ்க்கை. செரோட்டோனினுக்கும் அப்படித்தான். படகு ஒரே வகை. அது அணையும் ஜெட்டிகள் 14 வகை. அவற்றை ஏழு குடும்பங்களாகப் பிரித்து, 5-எச்டி1 முதல் 5-எச்டி7 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 5-எச்டி என்பது செரோட்டோனினுடைய இரசாயனப் பெயரின் சுருக்கம். ஒரே குடும்பத்துக்குள் ஏ, பி, சி என்று உறுப்பினர்கள். ஒரு ஜெட்டியில் அணைந்தால் பசி அடங்கும், இன்னொன்றில் அணைந்தால் குமட்டல் வரும், வேறொன்றில் அணைந்தால் கண்ணுக்குத் தெரிகிற உலகமே மாறிப்போகும். ஆகவே “செரோட்டோனின் நல்லதா, கெட்டதா?” என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. எந்த ஜெட்டி என்று கேட்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். உடம்பில் உள்ள செரோட்டோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது குடலில், மூளையில் கொஞ்சம்தான். வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மைதான். ஆனால் சாப்பிடும் செரோட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. பழம் சாப்பிடுங்கள், நல்லது. அதை வைத்து மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

மருந்து என்ன செய்கிறது? படகு மாதிரியே உருவம் காட்டி ஜெட்டியில் வந்து கட்டிக்கொள்கிறது. ஆனால் ஆளை இறக்குவதில்லை, இடத்தையும் விடுவதில்லை. நிஜப் படகு வந்தால் அணைய இடம் இருக்காது. பெரும்பாலான மனச்சிதைவு மருந்துகளின் வேலை இதுதான், அடைத்து நிற்பது. சில மருந்துகள் மட்டும் பாதி ஆளை இறக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

அடைக்கப்பட்ட முதல் ஜெட்டி செரோட்டோனினுடையது அல்ல, டோபமினுடையது. 1952-இல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் கொந்தளித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். 1958-இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடத்தில் ஹாலோபெரிடால் பிறந்தது. இவை எப்படி வேலை செய்கின்றன என்று அப்போது தெரியாது. டோபமினோடு சம்பந்தம் இருக்கிறது என்பதற்கான வலுவான தடயத்தை 1963-இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் காட்டினார். டோபமின் ஆய்வுகளுக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்துகள் அடைப்பது டி2 என்ற டோபமின் ஜெட்டியை என்பது பிறகு உறுதியானது.

ஜெலுத்தோங் அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. டி2 ஜெட்டி மூளையில் ஓர் இடத்தில் மட்டும் இல்லை. ஓரிடத்தில், எது முக்கியம், எது தனக்கு எதிரானது என்று எடைபோடும் வேலைக்கு அது வேண்டும். அங்கே டோபமின் மிகுந்துபோனால்தான் சந்தேகமும் குரல்களும் கிளம்புகின்றன என்பது பொதுவான கருத்து. மூளையின் ஆழத்தில் வேறோரிடத்தில், கைகால் சீராக அசைய அதே ஜெட்டி வேண்டும். ஹாலோபெரிடாலுக்கு இந்த இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் போய்க் கட்டிக்கொள்ளும். காது அமைதியாகும், கை ஆடும். மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்வது: டி2 ஜெட்டிகளில் சுமார் 65 விழுக்காடு அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறது, 80 விழுக்காட்டை நெருங்கினால் நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. மருத்துவர் நடக்க வேண்டிய வரப்பு எவ்வளவு குறுகல் என்று பாருங்கள்.

இந்த வரப்பை அகலப்படுத்த வந்ததுதான் செரோட்டோனின்.

அதன் கதை வேறொரு மூலையில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் 1938-இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் எல்எஸ்டி என்ற பொருளைத் தயாரித்தார். 1943-இல் அதன் விளைவைத் தற்செயலாகத் தம் உடம்பிலேயே உணர்ந்தார். அணுவளவு உள்ளே போனாலும் நிறங்கள் பொங்கும், சுவர்கள் அசையும். செரோட்டோனின் மூளையிலும் இருக்கிறது என்று 1953-இல் பெட்டி ட்வாரோக், இர்வின் பேஜ் இருவரும் காட்டினார்கள். எல்எஸ்டியின் வடிவம் செரோட்டோனினைப் போலவே இருக்கிறதே என்று கவனித்த வூலி, ஷா என்ற இருவர், மனநோய்க்கும் செரோட்டோனினுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1954-இல் எழுதினார்கள். எல்எஸ்டி அணையும் முக்கியமான ஜெட்டி 5-எச்டி2ஏ. இதே வகையைச் சேர்ந்த, சில காளான்களில் உள்ள சைலோசைபினைச் சூரிச் நகரத்தில் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து 1998-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். 5-எச்டி2ஏ ஜெட்டியை முன்கூட்டியே மருந்தால் அடைத்துவிட்டுக் கொடுத்தபோது மாயக்காட்சிகள் வரவில்லை. மனித மூளையில் இந்த ஒரு ஜெட்டிக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எல்எஸ்டி பெரும்பாலும் கண்ணை ஏமாற்றும், மனச்சிதைவில் பெரும்பாலும் ஏமாறுவது காது. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம் குளோசபின். இந்த மருந்தின் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி வந்துவிடும். குரல்களை அடக்கியது, கையை ஆட்டவில்லை. அதுவே அப்போது நம்ப முடியாத விஷயம். ஆனால் 1975-இல் பின்லாந்தில் அதைச் சாப்பிட்ட சிலருக்கு வெள்ளை இரத்த அணுக்கள் திடீரென்று சரிந்தன. எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஒதுக்கப்பட்டது. ஆனாலும் சில மருத்துவர்கள் அதைக் கைவிடவில்லை, ஏனென்றால் வேறு எதற்கும் அசையாத நோயாளிகள் இதற்கு அசைந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1988-இல் ஜான் கேன் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. வேறு மருந்துகளுக்குக் கேட்காத 268 நோயாளிகள். ஆறு வாரத்தில் பழைய குளோர்புரோமசினால் தேறியவர்கள் 4 விழுக்காடு. குளோசபினால் தேறியவர்கள் 30 விழுக்காடு. அமெரிக்கா அடுத்த ஆண்டே அனுமதி கொடுத்தது, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்றைக்கு நம் கவுன்டரிலும், இரத்த முடிவைப் பார்க்காமல் நாங்கள் குளோசபினைக் கொடுப்பதில்லை. “எத்தனை தடவைதான் ஊசி குத்துவீங்க?” என்று கோபப்படுகிறவர்களுக்கு அந்த எட்டுப் பேரைப் பற்றிச் சொல்வேன்.

குளோசபின் ஏன் கையை ஆட்டவில்லை? அது டி2 ஜெட்டியில் தளர்வாகத்தான் கட்டுகிறது. 5-எச்டி2ஏ ஜெட்டியில் இறுக்கமாகக் கட்டுகிறது. இந்த விகிதம்தான் சூட்சுமம் என்று 1989-இல் ஹெர்பர்ட் மெல்ட்சர் வாதாடினார். அதன் உட்பொருள் இதுதான். கைகால் அசைவுக்கான பகுதியில் டோபமின் எவ்வளவு வெளியாக வேண்டும் என்பதற்குச் செரோட்டோனின் ஒரு பிரேக் போடுகிறது; அந்தப் பிரேக் வேலை செய்வது 5-எச்டி2ஏ வழியாக. அந்த ஜெட்டியை அடைத்தால் பிரேக் தளரும். அங்கே டோபமின் கூடுதலாக வெளிவந்து, டி2-வில் கட்டி நிற்கும் மருந்தோடு இடத்துக்குப் போட்டி போடும். குரல் கிளம்பும் இடத்தில் அடைப்பு நிற்கும், கைக்கான இடத்தில் கொஞ்சம் வழி கிடைக்கும். ஒரு ஜெட்டியில் செய்த கெடுதலை இன்னொரு ஜெட்டி வழியாகச் சரிக்கட்டுவது என்று சொல்லலாம்.

இந்த எண்ணத்தைக் கொண்டு, இரண்டு ஜெட்டியையும் சேர்த்து அடைக்கும்படி யான்சனின் நிறுவனமே உருவாக்கியது ரிஸ்பெரிடோன். அமெரிக்காவில் 1993-இல் அனுமதி. பின்னாலேயே 1996-இல் ஓலன்சபின், 1997-இல் குவெட்டியாபின். இன்று கிளினிக்கில் எழுதிக் கொடுக்கப்படும் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். ரிஸ்பெரிடோனின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் நடுக்கம் திரும்பி வரும்; பிரேக்கைத் தளர்த்தினாலும் ஓர் எல்லை உண்டு. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது, பால் சுரப்பது போன்றவையும் அதனால் வரலாம். அதுவும் டோபமின் ஜெட்டி அடைபடுவதால்தான். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஜெலுத்தோங் பையனுக்கு மருத்துவர் ஓலன்சபினுக்கு மாற்றினார். கை நின்றது. கோப்பி கிளாஸ் நேராக வாய்க்குப் போனது. அந்த அம்மா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து அதே அம்மா, வேறு முகத்தோடு.

“ராத்திரி பதினோரு மணிக்கு நாசி கண்டார் கேக்குறான்மா. சாப்பிட்டு அரை மணி நேரத்துல திரும்பப் பசிங்கறான். ஏழு கிலோ ஏறிட்டான். நான் சோத்தை ஒளிச்சு வைக்கிறேன், அவன் அழறான்.”

பையனுக்கு நாக்கு நீளம் என்று உறவினர்கள் பேசினார்களாம். அதைக் கேட்டு எனக்கு வலித்தது. இங்கே வருவது 5-எச்டி2சி, அதாவது 2ஏ-வின் தம்பி. செரோட்டோனின் இந்த ஜெட்டியில் அணையும்போதுதான் “போதும், வயிறு நிறைந்தது” என்ற செய்தி கிளம்புகிறது. 1995-இல் இந்த ஏற்பி இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் கட்டுப்பாடில்லாமல் தின்று கொழுத்தன. நேர்மாறாக, இந்த ஜெட்டியைத் தூண்டும் லோர்காசெரின் என்ற மருந்தை 2012-இல் எடை குறைக்கவே அனுமதித்தார்கள் (புற்றுநோய்ச் சந்தேகத்தால் 2020-இல் திரும்பப் பெறப்பட்டது). ஓலன்சபினும் குளோசபினும் இந்த 2சி-யை அடைக்கின்றன. கூடவே பசியோடும் தூக்கத்தோடும் தொடர்புள்ள ஹிஸ்டமின் ஜெட்டி ஒன்றையும் அடைக்கின்றன. தூக்க மாத்திரை என்ற பெயர் வந்ததும் பெரும்பாலும் அந்த ஹிஸ்டமின் அடைப்பால்தான். ஆக, அந்தப் பையனுக்குப் போதும் என்று சொல்லும் செய்தியே போய்ச் சேரவில்லை. சோற்றை ஒளித்து வைப்பது இதற்கு மருந்தாகாது. சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தை மாற்றுவார்.

மாற்றக்கூடிய ஒன்று அரிப்பிப்ரசோல், 2002-இல் வந்தது. பாதி ஆளை இறக்கும் படகு என்று சொன்னேனே, அது இதுதான். டி2-விலும் 5-எச்டி1ஏ-விலும் பாதி வேலையைச் செய்யவிடும், 2ஏ-வை அடைக்கும். எடை அவ்வளவாக ஏறாது. ஆனால் சிலருக்கு உட்கார முடியாத பரபரப்பு வரும். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பார்கள். அதை நோய் முற்றிவிட்டது என்று தப்பாக நினைத்து வீட்டில் பயந்துபோவார்கள். மற்ற ஜெட்டிகளில் 5-எச்டி7-ஐ லுராசிடோன் என்ற மருந்து அடைக்கிறது. 5-எச்டி3 முக்கியமாகக் குமட்டலுக்கான ஜெட்டி. அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 2ஏ-தான் எல்லாவற்றுக்கும் விடை என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். அமிசுல்பிரைட் என்ற மருந்து 2ஏ-வை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆனாலும் பழைய மருந்துகளைவிட நடுக்கம் குறைவு. குளோசபின் டி2-வில் கட்டிய வேகத்தில் அவிழ்ந்துவிடுகிறது, அதுவே காரணம் என்று ஷிட்டிஜ் கபூர், பிலிப் சீமன் போன்றவர்கள் வாதாடினார்கள். டோபமின் பக்கமே போகாமல் முக்கியமாக 2ஏ-வை அடக்கும் பிமாவன்செரின் 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வரும் மாயத்தோற்றங்களுக்காக. மனச்சிதைவில் மனம் ஒடுங்கிப்போவதற்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2024-இல் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சனோமெலின், ட்ரோஸ்பியம் என்ற கூட்டு மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. அது டோபமின் ஜெட்டியையும் செரோட்டோனின் ஜெட்டியையும் விட்டு, மஸ்கரினிக் என்ற வேறு வகை ஜெட்டிக்கே போகிறது. என் கணிப்பு இது: செரோட்டோனின் ஏற்பிகள் இந்த நோயின் வேர் அல்ல. ஆனால் ஒரு மருந்தை மனிதனால் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் சாப்பிட முடியுமா என்பதை அவைதான் பெருமளவு முடிவு செய்கின்றன. சாப்பிட முடியாத மருந்தால் யாருக்கு என்ன பயன்? அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை, பலருக்குத் தெரியாதது. சிகரெட் புகை ஓலன்சபினையும் குளோசபினையும் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும். திடீரென்று சிகரெட்டை நிறுத்தினால், அதே அளவு மாத்திரையில் இரத்தத்தில் மருந்து ஏறிவிடும். நிறுத்துங்கள், நிச்சயமாக நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அம்மாவை ஒருநாள் கூட்டம் குறைந்திருந்த மதியத்தில் ஓரமாக உட்காரவைத்து, காகிதத்தில் கடலும் ஜெட்டியும் வரைந்து காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். “அப்ப கை ஆடுனது அந்த ஜெட்டி, பசி இந்த ஜெட்டி. நிறுத்த வேணாம், எந்த ஜெட்டின்னு சொல்லணும். அவ்வளவுதானே?” அவ்வளவுதான் என்றேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது சந்திப்பு அட்டையின் பின்பக்கம் தமிழில் ஐந்து வரி எழுதியிருந்தது: எத்தனை கிலோ, எத்தனை மணிக்குப் பசி, எத்தனை மணி நேரம் தூக்கம், கை நடுக்கம் இல்லை, குரல் வாரத்தில் ஒரு நாள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. “யாரு படிச்சுச் சொன்னா?” என்று கேட்டேன். அம்மா மகனைக் காட்டினார். அவரே அட்டையை வாங்கி, ஒவ்வொரு வரியையும் மலாயில் மருத்துவரிடம் சொன்னாராம். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, வாரத்தில் ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் என்று அம்மாவைத் திருத்தினாராம்.